ஒன்பதும் நான்கும்

“இந்த ஆள் இனிமே வேன் ஓட்டக் கூடாது. அவ்வளவுதான்!”

தலைமையாசிரியரின் மேஜையில் அம்மா தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

சுவரோரம் நின்ற வேன் ஓட்டுநர் குமுறினார். “கத்தினேன், இல்லைங்கலைம்மா. ஜன்னல்ல கையை நீட்டினா லாரிக்காரன் பிச்சுக்கிட்டுப் போயிடுவான். ஆனா அடிப்பேன்னு சொல்லவே இல்லை.”

“என் பெரிய பொண்ணு சொல்றாளே! பதினோரு வயசு. பொய் சொல்வாளா?”

“சொன்னாரு சார்,” என்றாள் அக்கா. அவள் கண்ணில் பொய் இல்லை.

“சொல்லலை,” என்றாள் ஐந்து வயதுக் குட்டி, நாற்காலியில் காலை ஆட்டியபடி. “‘கையை உள்ள எடு, எத்தனை தடவை கத்துறது, எனக்குக் கெட்ட கோபம் வரும், அப்புறம் அழுவே.’ அவ்வளவுதான்.”

“நீ வாயை மூடு!” அம்மா அதட்டினாள். “காலையில சாப்பிட்டதே ஞாபகம் இல்ல, வக்காலத்து வாங்க வந்துட்டா.”

அவர் கத்தியபோது வேனில் இருந்தது இந்த இருவர்தான். பணிநீக்கக் கடிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

பள்ளியின் மனநல ஆலோசகர் ஒரு தாளை எடுத்தார். “ரெண்டு பேர் ஞாபகத்தையும் பார்த்துடலாமே. நான் படிக்கிறதைக் கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லுங்க. சார், நீங்க எண்ணுங்க.”

படித்தார். “படுக்கை, தலையணை, போர்வை, கொட்டாவி, கனவு, குறட்டை, இரவு, களைப்பு, தொட்டில், தாலாட்டு.”

அக்கா மடமடவென்று ஒப்பித்தாள். “தலையணை, போர்வை, படுக்கை, கனவு, தூக்கம், இரவு, கொட்டாவி, தொட்டில், தாலாட்டு.”

சொல்லுக்கு ஒரு கோடாகத் தலைமையாசிரியர் ஒன்பது கோடு போட்டார்.

“தாலாட்டு... தொட்டில்... படுக்கை...” குட்டி விரலை மடக்கினாள். “குறட்டை!” சிரித்துவிட்டாள். அதற்கு மேல் வரவில்லை.

“ஒன்பது எங்க, நாலு எங்க! யாரை நம்புவீங்க? கையெழுத்துப் போடுங்க சார்!”

ஓட்டுநர் வேன் சாவியை மேஜையில் விட்டெறிந்தார். “போடுங்க சார். என் பொழப்பு போகட்டும்.”

“இருங்க,” என்றார் ஆலோசகர். “குட்டிக்குக் கொஞ்சம்தான் நிக்குது. ஆனா காதுல விழுந்தது மட்டும்தான் நிக்குது. வளர வளர, வார்த்தையை விட்டுட்டு அர்த்தத்தைப் பிடிச்சுக்கறோம். அதனாலதான் நிறைய ஞாபகம் இருக்கு. ஆனா நடுவுல விட்டுப்போனதை மனசு தானே நிரப்பிக்கும்.”

“பாடம் நடத்தாதீங்க மேடம்!”

“அக்கா சொன்ன ‘தூக்கம்’ நான் படிக்கவே இல்லையே.”

“பொய்!” அம்மா எழுந்துவிட்டாள். “இந்தக் காதாலயே கேட்டேன்!”

ஆலோசகர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அம்மாவின் விரல் மேலிருந்து கீழே ஒருமுறை போனது. மறுபடியும் போனது. தூக்கம் அதில் இல்லை.

தலைமையாசிரியர் ஒன்பது கோடுகளில் ஒன்றைக் குறுக்கே அடித்தார். அப்புறம், கடிதத்தை.