எழுதியவர் ஷெர்வின்

பாலகுமாரின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. சற்றுமுன் உருவான ஜாவா புரோகிராம் ஃபைலின் முதல் வரியில், 'எழுதியவர்: ஷெர்வின்' என்று இருந்தது.

ஷெர்வின், பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரி மோதி இறந்துபோய் ஆறு மாதமாகிறது. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜோகுபாளையம் ஆபீசில் அவன் விட்டுப்போனது ஒரு டூல் மட்டும்தான்.

டேட்டாபேஸைக் காட்டினால் போதும், வெப்சைட்டுக்கு வேண்டிய ஜாவா ஃபைல்களையெல்லாம் அதுவே எழுதித் தள்ளிவிடும். வாரக்கணக்கான வேலை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். அதிலிருந்த ஷெர்வின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான் பாலகுமார். டீம் லீடர் ஆனதும் அதனால்தான்.

இப்போது அழிக்க அழிக்க அந்தப் பெயர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஷெர்வின் இன்னும் டூட்டிக்கு வர்றான் போல சார்!" என்று சிரித்தான் பக்கத்து சீட் சேஷகிரி. பாலகுமாரால் சிரிக்க முடியவில்லை. யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்ப்பதுபோலவே இருந்தது. திரும்பினால், ஷெர்வினின் பழைய சீட்டில் நோரா.

போன மாதம் சேர்ந்தவள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த டூலைச் சரளமாக ஓட்டினாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "நோரா, இந்தப் பேர் எப்படிம்மா வருது?"

"நாந்தான் சார் போடறேன்."

"நீங்களா? அவரைத் தெரியுமா?"

"என் ஹஸ்பண்ட் சார்."

பேய் இல்லை என்ற நிம்மதிகூடப் பாலகுமாருக்கு வரவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா. உங்க வீட்டுக்காரர் உழைப்பை என் பேர்ல போட்டுக்கிட்டேன். இப்பவே எம்.டி.கிட்ட போய், இது ஷெர்வின் எழுதினதுன்னு சொல்லிடறேன்."

எழுந்தவனை நோராவின் குரல் நிறுத்தியது.

"பேர் அவரோடதாவே இருக்கட்டும் சார். அவருக்கு இங்கே வேலை நிலைக்கணும்னுதான் அன்னைக்கே அவர் பேரைப் போட்டேன்."

"போட்டீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த டூலை எழுதினதே நான்தான் சார்."