கரை வரும் வரை

“கப்பல் ஏறியாச்சு. கரண்டும் இல்ல, கேஸும் இல்ல. கரை வர்ற வரைக்கும் ஃப்ரீசரைத் தொறக்காத, மீனு இளகிடும்” என்றான் தானியேல்.

கிறிஸ்டினா கேரவனின் மெத்தையில் சாய்ந்தாள். வண்டி மெல்ல மெல்ல ஆடியது. திரை போட்ட ஜன்னலில் நீல வெளிச்சம் ததும்பியது. கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

“அக்கரையில இன்னா இருக்கும்?”

“பனிமலை. நீ ஸ்வெட்டர் போட்டுக்கினு நடப்ப. நான் மீன் வறுப்பேன்.”

சொல்லிக்கொண்டே தானியேல் கண்ணயர்ந்தான்.

திடீரென்று ஆட்டம் நின்றது. கதவு திறக்க, கும்மிடிப்பூண்டி கேரவன் கம்பெனி ஷெட்டின் வெயில் உள்ளே விழுந்தது. வண்டியை ஆட்டிய மெஷினை நிறுத்திவிட்டு வந்த சூப்பர்வைசர், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

“டெஸ்டிங் வண்டில ஏற எதுக்குமா செருப்பைக் கழட்டுனீங்க?”

“ஊட்டுக்குள்ள செருப்போட எப்பிடி சார் போறது?”

அவர் ஃப்ரீசரைத் திறந்தார். மீன் இளகியிருந்தது.

“கப்பல்ல ஏத்துனா கரை சேர்ற வரைக்கும் மீன் இளகக் கூடாது. கதவு ரப்பர் சரியில்ல போல. மாத்திட்டு நாளைக்கு மறுபடி டெஸ்ட். நைட் ஷிஃப்ட் தானியேலும் டே ஷிஃப்ட் கிறிஸ்டினாவும் நாளைக்கும் இதுலயே இருங்க.”

“நல்லாத்தானே மாட்டுனேன்” என்று தானியேல் தலையைச் சொறிந்தான்.

அவன் தூங்கும்போது ஃப்ரீசரைத் திறந்து திறந்து மூடியதில் சில்லிட்டுப்போன விரல்களை, யூனிஃபார்ம் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள் கிறிஸ்டினா.