நல்லெண்ணெய் கலந்த பால்

டம்ளரில் எண்ணெய் மிதந்தது.

பாலின் மேல் சின்னச் சின்ன மஞ்சள் வட்டங்கள். மாமனார் நாச்சிமுத்து அதை வாயருகே கொண்டு போயிருந்தார். மருமகளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

வாசலில் கணவன் காரைக் கிளப்பி வைத்துக் காத்திருந்தான். மருத்துவமனையில் படுக்கை சொல்லியாகிவிட்டது. நாளை காலை அறுவை சிகிச்சை. புற்றுநோய்க் கட்டி வந்த அவர் மூத்திரப்பையையே எடுக்கப் போகிறார்கள்.

அத்தை பிரிட்ஜின் கதவை மெதுவாக மூடினாள்.

மூடிய விதத்திலேயே மருமகளுக்குப் புரிந்துவிட்டது.

வேலை பார்க்கும் ஆராய்ச்சி லேபிலிருந்து வரும்போதெல்லாம், அவள் எடுத்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பால் குறைந்திருக்கும். பையன் குடிச்சுட்டான் என்பாள் அத்தை. பையனுக்கு நல்ல பசி என்று இவளும் மகிழ்ந்துபோனாள். படித்த முட்டாள்.

"நீதான சொன்ன கண்ணு," என்றாள் அத்தை.

சொன்னாள்தான். சோறு பரிமாறிக்கொண்டே, பெருமை பிடிபடாமல். தாய்ப்பாலில் ஒரு புரதம் இருக்கிறது. எண்ணெயில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம் அதோடு சேர்ந்தால் புற்றுநோய் செல்களைக் கொன்றுவிடும், நல்ல செல்களை அவ்வளவாகத் தொடாது. எங்கள் லேபில் அதைத்தான் செய்கிறோம்.

எந்த எண்ணெய் என்று அத்தை கேட்டாள். நல்லெண்ணெயிலும் அது உண்டு என்றாள் இவள்.

புரதத்தைப் பாலிலிருந்து தனியே பிரிக்க வேண்டும். அது பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தை நீக்கி, அதன் மடிப்பைத் தளர்த்த வேண்டும். அப்போதுதான் அமிலம் அதில் ஒட்டும். சும்மா கலந்தால் எண்ணெய் எண்ணெயாகவே மிதக்கும். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. லேபில் செத்தவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் என்பதை இவளும் சொல்லவில்லை.

"ரத்தம் நின்னு போச்சு அம்மிணி," என்றார் மாமனார். "ஒண்ணுக்குப் போனா தெளிவா வருது. அறுக்கறதெல்லாம் வேண்டாம். அவனை வண்டிய ஷெட்டுல விடச் சொல்லு."

அந்த ரத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். நிற்கிற நாளிலும் கட்டி சும்மா இருக்காது. இனியும் தள்ளிப்போட்டால் வெளியே பரவிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.



"இது மருந்தில்லீங்க மாமா. இதுல ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் முகம் இறுகியது. டம்ளரை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். மற்றக் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. இனி மூத்திரம் சேரும் பையை வெளியே எங்கே மாட்டுவார்கள் என்று டாக்டர் அங்கே பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அவர் வேட்டியை அதன் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

அவர் பாலை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வட்டத்துக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

உண்மையைச் சொல்லி இவரை எழுப்ப முடியாது.

ஹாரன் ஒலித்தது.

லேபில் ஒரு இலக்கத்தைக்கூட மாற்றி எழுதாதவள் அவள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் குடிச்சாத்தான் மாமா வேலை செய்யும்," என்றாள். "கட்டி பெருசா இருக்கறப்ப இது உள்ள போகாது. அதை எடுத்துட்டா, மிச்சம் மீதிய இது பாத்துக்கும்."

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே கேவலமாக இருந்தது.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே வைத்தார்.

"நான் திரும்பி வர்றப்ப உனக்குப் பால் இருக்குமா அம்மிணி? பையனுக்குப் போக?"

அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"இருக்கும் மாமா."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

உள்ளே பையன் பசித்து அழுதான். அவளுக்கு முன்னால் அத்தை ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். மருமகளின் மடியில் அவனைக் கிடத்தினாள். மாராப்பைக்கூட அவளே விலக்கிவிட்டாள்.

"குடு," என்றாள். "கொஞ்சம் மிச்சம் வெச்சுக்க கண்ணு."