ஆறு நாள் கழிவு

வரி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், அதிகாரியின் எதிரே அம்மாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நோயாளியாக நடிக்க வந்திருந்தாள்.

மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு நாலைந்து நிறுவனங்களுக்கு அனிமேஷன் செய்து கொடுப்பவன். முதலாளி கிடையாது. ஆகவே வரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடையாது.

"சொந்தத் தொழில்னு போட்டிருக்கீங்க. கடை எங்க இருக்கு?" என்றார் அதிகாரி.

மகன் மடியிலிருந்த லேப்டாப் பையைக் காட்டினான். அதிகாரி 'நடமாடும் கடை' என்று எழுதிக்கொண்டார்.

சிக்கல் கடையில் இல்லை, நாளில். வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாளுக்கு மேல் உள்நாட்டில் தங்கிவிட்டால், உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்ததற்கும் இங்கே வரி கட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே கட்டியாயிற்று.

போன வருடம் அவன் தங்கியது நூற்று எண்பத்தாறு நாள். பாஸ்போர்ட்டில் முத்திரை பளிச்சென்று இருந்தது.

நாலே நாள்.

விதிகளை வரிவரியாகப் படித்து ஒரு சந்து கண்டுபிடித்தான். பெற்றோர் நோயில் விழுந்தால், கூடவே இருந்து கவனித்துக்கொண்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம்.

இதை அம்மாவிடம் விளக்கப்போய் ஒரு பொய் அம்பலமாகிவிட்டது. ஃபிளைட் ஏறுவதாகச் சொல்லி அவளிடம் விடைபெற்ற பிறகும் ஒன்பது நாள் அவன் இதே நகரத்தில்தான், நண்பனின் காலி வீட்டில் இருந்தான். முடிக்க வேண்டிய வேலை மலைபோல் கிடந்தது. அம்மா வீடென்றால் ஆள் மாற்றி ஆள் நலம் விசாரிக்க வந்து உயிரை எடுப்பார்கள்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தேதியை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

மூச்சுத்திணறல் என்று சொல்ல வேண்டும், நடுவில் இரண்டு இருமல் போதும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துத்தான் கூட்டிவந்தான்.

அதிகாரி விசாரித்தபோது அம்மா இருமவில்லை. பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதிகாரி மேலே இருந்த தாள்களை மட்டும் புரட்டினார். நெஞ்சுவலி. ஆறு நாள் ஆஸ்பத்திரி. ரத்தக்குழாயில் அடைப்பு நீக்கம்.

மகன் அசந்துபோனான். மூச்சுத்திணறலைவிட நெஞ்சுவலி எடுபடும் என்று அம்மாவே முடிவெடுத்திருக்கிறாள்! முப்பது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எந்த டாக்டரைப் பிடித்தாளோ. தேதிகள் அந்த ஒன்பது நாளுக்குள் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. ஒரு தாளில் காபிக் கறைகூட இருந்தது. கறைதான் அவனை மெய்சிலிர்க்க வைத்தது. அனிமேஷன்காரனுக்குத்தான் தெரியும், அழுக்கைச் சரியாகப் போடுவது எவ்வளவு கஷ்டமென்று.

"அத்தனை நாளும் பையன் கூட இருந்தாராம்மா?"

"ஒரு நிமிஷம்கூட நகரல சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். ஆறு நாளைக் கழித்து, நூற்று எண்பது என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது மகனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரும்மா செஞ்சு குடுத்தாங்க? அப்படியே நிஜம் மாதிரி இருக்கு!"

"ஆஸ்பத்திரிலதான்," என்று சொல்லிவிட்டு அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அவன் அங்கேயே நின்று, வேலைப்பாட்டை ரசிக்க ஃபைலைத் திறந்தான்.

கடைசியில் நர்ஸ் கையால் எழுதிய ஒரு தாள். சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்து எதிர் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். உறவு என்ற இடத்தில் கோடு.

அதற்குக் கீழே ஒரு ஃபோன் நம்பர். உள்ளூரில் இருந்தபோது அவன் வைத்திருந்த நம்பர்.

'மகன் வெளிநாட்டில் என்கிறார் நோயாளி. இருந்தாலும் இந்த எண்ணில் முயற்சி செய்தோம். காலை 10.40, மணி அடித்தது, எடுக்கவில்லை. 10.55, எடுக்கவில்லை. 11.20, இரண்டாவது மணியில் துண்டித்தார்.'