பூக்காத குப்பைக்கீரை

பக்கத்தில் நின்ற குப்பைக்கீரையை முள்ளுக்கீரை கடைசியாக உயிரோடு பார்த்த காலையிலும், குப்பைக்கீரை பத்து நாளாகக் கேட்டதையேதான் கேட்டது.

"என்னங்க, நானும் உங்களை மாதிரி பூத்துடட்டுமா? கதிர் விட்டா கீரைன்னு பறிக்க மாட்டாங்களாம்."

"பச்சைப் பூவைப் பார்க்க யாருடி வரப்போறா? பூத்தா இலை சிறுத்துடும். இன்னும் ரெண்டு நாள் தளதளன்னு என் பக்கத்துல நில்லேன்" என்றது முள்ளுக்கீரை.

"உங்களுக்கென்ன, கணுவுக்குக் கணு முள் இருக்கு. பேசுவீங்க!" என்று சிரித்துவிட்டு, அன்றும் அது மொட்டை அடக்கிக்கொண்டது.

வெயில் ஏறுமுன் கீரை பறிப்பவள் வந்தாள். முள்ளை ஒதுக்கினாள், கதிர் விட்டவற்றைத் தாண்டினாள், தளதளவென்று நின்றதை வேரோடு பிடுங்கினாள்.

கேட்ட முதல் நாளே முள்ளுக்கீரை "பூத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முள்ளுக்கீரையின் கதிரிலிருந்து கறுப்பு விதைகள் உதிர்கின்றன. அந்தக் குப்பைக்கீரையின் விதை மண்ணில் ஒன்றுகூட இல்லை.