பாதிச் சவரமும் பட்டைத்தூளும்

ஒரு கன்னம் மழமழவென்றிருக்க, மறு கன்னத்தில் நுரை காய்ந்து தோலை இழுக்க, சலூன் நாற்காலியில் சிக்கிக்கொண்டிருக்கிறான் சலூன்காரரின் மச்சினன். அவரோ அவனை மறந்தேபோய், ஜன்னலோரப் பூந்தொட்டியின் முன் குனிந்திருக்கிறார். துண்டை உதறுகிறேன் பேர்வழி என்று சற்றுமுன் ஆர்க்கிட்டின் இலையை ஒடித்தவன் இவன்தான். அது அக்கா கண்ணும் கருத்துமாக வளர்க்கிற செடி. இப்போதுதான் முதல்முறையாக மொட்டு விட்டிருக்கிறது. "மாமா, அக்கா வர்ற நேரம்..." "பேசாதே மாப்ளே, பட்டைத்தூள் பறக்குது." ஒடிந்த இடத்தை நேராகக் கத்தரித்தாயிற்று. டீயில் போட வைத்திருந்த பட்டைத்தூளை, பிடரிமுடி தட்டுகிற பிரஷ்ஷால் தொட்டு ஒற்றுகிறார். பச்சை இலைக்குப் பழுப்பில் கரை கட்டியதுபோல் ஆகிறது. வெயிலில் தூள் பொன்னாக மிதக்கிறது. "வெட்டு காஞ்சுடும், அழுகாது. வேர்ல மட்டும் படக்கூடாது." கடை முழுக்கக் கேக் வேகிற மணம். கதவு திறக்கிறது. அக்கா வாசலிலேயே நின்று மோந்து பார்க்கிறாள். நேரே செடியிடம் போய், மொட்டுகளை விரல்நுனியால் தொட்டுப் பார்த்து, இலையைத் திருப்பிப் பார்க்கிறாள். "வைத்தியமெல்லாம் ஜோராத்தான் இருக்கு," என்கிறாள் கணவரிடம். பிறகு தம்பியைப் பார்க்கிறாள். அவன் துண்டை மூக்குவரை ஏற்றிக்கொள்கிறான். சலூன்காரர் அவசரமாகச் சவரக்கத்தியை எடுக்கிறார். "அதைக் கீழ வைங்க," என்கிறாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "முதல்ல மொட்டு விரியட்டும். அப்புறம் மழிக்கலாம் அந்தப் பக்கத்தை."