முதுகுக்குப் பின்னால்

முள்ளம்பன்றிக் கூண்டில் முள்ளம்பன்றியைக் காணோம். பலகை மட்டும் தொங்கியது.

"போர்டு வச்சுட்டு சரக்கே இல்லாம கடை நடத்துறான் பாரு," என்றார் பாத்திரக்கடைக்காரர்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி சிரித்துவிட்டாள்.

சத்தமில்லாத சிரிப்புதான். முன்பல் விழுந்த இடம் தெரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்கவைக்க ஆறு மாதமாகக் கடையைத் திறந்துவைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அதுதான் முதல் போணி.

ஆறு மாதத்துக்கு முன்புதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தலை நரைக்கிற வயதில் முதல் கல்யாணம். மனைவிக்கு அது இரண்டாவது. முதல் கணவனைப் பறிகொடுத்தவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஏழு வயதுப் பெண்ணும் வீட்டுக்குள் வந்தாள்.

நல்ல பெண். வைத்ததைச் சாப்பிடுவாள், சொன்னதைக் கேட்பாள். ஒன்றே ஒன்றுதான். அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள்.

அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றியாவது அவர் முகத்துக்கு நேரே வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள். பார்த்ததும் விஷயத்தை மட்டும் சொல்வாள். கூப்பிடுகிற வேலையே வராமல் பார்த்துக்கொள்வதில் அப்படியொரு சாமர்த்தியம்.

'அப்பா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் அவருக்கு. அதற்காகத்தான், பேதி மாத்திரை போட்ட நாளில்கூடக் கடையைத் திறந்தவர், இன்றைக்குப் பூட்டிவிட்டு உயிரியல் பூங்காவுக்குக் கூட்டி வந்திருந்தார்.

தூரத்து மரத்தடியில் அம்மா பாயை விரித்துச் சாப்பாட்டைப் பிரிப்பதைப் பார்த்ததும் சிறுமி அங்கே ஓடினாள். அவர் கூண்டருகிலேயே நின்றார். சற்றுமுன் கிடைத்த சிரிப்பை மனசுக்குள் எடுத்து எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அதே கடைத்தெருவின் இரும்புக்கடைக்காரர், பாப்கார்ன் பொட்டலமும் கையுமாக வந்து சேர்ந்தார். கடையில் நூறு வகைப் பூட்டு வைத்திருப்பவர். வாய்க்கு மட்டும் ஒன்று கிடையாது.

ஓடுகிற சிறுமியைக் கண்ணால் காட்டினார். "என்னப்பா, கல்யாணம் ஆகி ஆறு மாசம். அதுக்குள்ள பள்ளிக்கூடம் போற பொண்ணா? வேகமான வியாபாரம்தான்!"

பாத்திரக்கடைக்காரர் நடை பழகியதே கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான். பேசப் பழகுவதற்கு முன்பே அங்கே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆசைப்பட்ட சரக்கை ஆசையாகப் பார்க்காதே, விலை ஏறிவிடும். கையில் எடு, உதட்டைப் பிதுக்கு, கீழே வை.

மனசு குளிர்ந்துபோய் நின்ற அந்த நேரம் பார்த்துப் பழக்கம் முந்திக்கொண்டது. உதடு தானாகப் பிதுங்கியது.

"அட, அது கொசுறுப்பா! பானை வாங்கினா ஒரு கரண்டி சும்மா குடுக்குறோமில்ல? அந்த மாதிரி, கூட வந்தது."

இரும்புக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால் சிறுமி நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது. வாய் பாதி திறந்திருந்தது. பல் விழுந்த இடத்தை இந்தத் தடவை மூடிக்கொள்ளவில்லை.

"அங்கிள், அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க."

இரும்புக்கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. பாப்கார்ன் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவள் தலையை ஆட்டி வேண்டாமென்றாள். அவர் தன் குடும்பத்தைத் தேடுகிற சாக்கில் நழுவினார்.

சின்னப் பெண், அர்த்தம் தெரிந்திருக்காது என்று பாத்திரக்கடைக்காரர் தனக்குத்தானே விற்றுப் பார்த்தார். வாங்க ஆளில்லை. லீவு நாட்களில் கடைக்கு வந்து, கொசுறுக் கரண்டிப் பெட்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருகிறவளே அவள்தான். கேட்கிறவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். பானையைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், கரண்டியை மட்டும் புரட்டிக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள்.

அவர் மரத்தடிக்குக் கிளம்பினார். சிறுமி கொஞ்சம் தள்ளியே நடந்தாள்.

பாயில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகளைக் கை கழுவக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, அவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"கூப்பிட்டாளா?"

அவருக்குப் புரியவில்லை.

"ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டிருந்தா. மூஞ்சியப் பாத்தா வெக்கமா இருக்காம். பின்னாடி நின்னுதான் அப்பான்னு கூப்பிடுவேன்னு சொல்லிட்டு ஓடியாந்தா. சொல்லுங்களேன், கூப்பிட்டாளா இல்லையா?"

அவர் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டா," என்றார்.

ஈரக்கையோடு வந்துகொண்டிருந்த சிறுமியின் காதில் அது விழுந்தது. அம்மா போட்டுக்கொடுத்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பாயைச் சுற்றி நடந்து வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.